ஸ்க்ரூவில் வைத்த பொட்டு

மணப்பெண்ணுக்கு இடது கை தயார். வலது கை கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது.

கை என்றால் ரவிக்கைக் கை. டாக்டர் ஸ்ரீலேகாவின் மகள் அம்ருதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அரக்குப் பட்டில் ஜரிகைக் கொடி, கொடி முழுக்கக் கிளி. என் எம்பிராய்டரி மெஷினுக்கு எங்கே குத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது ஹாலின் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். வலது கைத் துணியைச் சட்டத்தில் பூட்டிவிட்டு நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். அதே நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சுப்புராஜ் குளிர் தாங்காமல் ஹீட்டரைப் போட்டார். ஃபியூஸ் போனது. மறுபடி கரண்ட் வந்தபோது கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை அம்பை மட்டும் காட்டிவிட்டு, இதற்குமேல் என்னால் முடியாது என்பது போல நின்றுவிட்டது.

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரின் டவுன்டவுனில் காட்டிய இரண்டு கடைகளிலும் ஒரே பதில்: ஃபார்மட். அதாவது வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. கட்டலாம்தான். ஆனால் என் எம்பிராய்டரி சாஃப்ட்வேர் அந்தப் புது வீட்டுக்குக் குடிவராது. அதன் லைசென்ஸ் இந்தப் பெட்டியில் ஒருமுறை பதிந்தது. மறுபடி பதிந்து தர, விற்ற கம்பெனியே இப்போது இல்லை. கிளியும் கொடியும் வேறு எந்த சாஃப்ட்வேரிலும் திறக்காது. ஆகவே இருக்கிற விண்டோஸை இருக்கிற இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். அதற்கு டிஸ்க் கேட்டார்கள். டிஸ்க் எங்களிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

காரணம், அது மூடப்பட்ட ஓர் ஆபீசின் சரக்கு. மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் பேரம் கேட்டே வளர்ந்தவள் நான். எதைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி, "ரெண்டா எடுத்தா என்ன விலை?" என்பதுதான். அப்படி இரண்டு பெட்டி வாங்கினேன். அச்சு அசல் ஒரே மாதிரி, உள்ளே இருந்த விண்டோஸ்கூட ஒரே பிரெஞ்சு. ஒன்று ஹாலுக்குப் போனது, மற்றது கட்டிலுக்கு அடியில். ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதை மாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் வம்சத்தின் வேதம் என்பதால், வாங்கிய அன்றே இரண்டு பெட்டிகளின் பின்பக்க ஸ்க்ரூக்களிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டேன். திருகினால் பொட்டு உடையும். உடைந்தால் ஆள் அகப்படுவான்.

வியாழக்கிழமை காலை கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில், மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அருளம்பலத்தின் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். ஃபார்மட் என்ற சொல்லை உச்சரிக்காத முதல் ஆள் அவர்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் முடியாது என்கிற வேலையை ஒருவன் முடியும் என்றால், அவனுக்கு அதில் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

"பாப்பம் தங்கச்சி. முதல்ல உள்ளுக்கு இருக்கிறதை அப்பிடியே ஒரு கொப்பி எடுத்து வைப்பம். பேந்து தொடுவம்," என்றார்.

"காப்பி வேணாம்."

"ஏன்?"

"என் கிளி டிசைன் எல்லாம் அதுலதான் இருக்கு."

"உங்கட கிளியை வைச்சு நான் என்ன செய்யப் போறன்?"

நான் அவருடைய அலமாரியைப் பார்த்தேன். ஃபோன் உறைகளுக்கும் சார்ஜர்களுக்கும் நடுவில் ஒரு கோன் எம்பிராய்டரி நூல், அதுவும் ஜரிகை நிறத்தில்.

"அது யாருக்கு?"

"அதோ? மனிசி தைக்கிறவ. இமெல்டா."

எனக்கு முதுகில் குளிர்ந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. இமெல்டாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் விலையை அவள் எத்தனையோ முறை இறக்கியிருக்கிறாள். "இமெல்டா அக்கா இதைவிடக் கம்மியாத் தர்றாங்களே" என்று சொல்லாத வாடிக்கையாளர் எனக்குக் கிடையாது. அப்படிப்பட்டவளின் புருஷனிடம் என் கிளிகளைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

எழுந்து போயிருப்பேன். போக வேறு கடை இல்லை. நாற்காலியை இழுத்து அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் இவ்வளவு கிட்ட?" என்றார் அருளம்பலம்.

"எனக்குக் கிட்டப் பார்வைதான்."

சுப்புராஜ் கூரையைப் பார்த்தார். எனக்குக் கண்ணாடியே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அருளம்பலம் ஏதேதோ சாவிகளைத் தட்டி ஒரு கறுப்புச் சதுரத்தைக் கொண்டுவந்தார். "இப்ப விண்டோஸ் தன்ர சிஸ்டம் ஃபைல் எல்லாத்தையும் தானே ஒவ்வொண்டாப் பாக்கும். பழுதானதைத் தள்ளிப்போட்டு, தன்ர ஸ்டோரில இருக்கிற நல்லதை எடுத்து வைக்கும். டிஸ்க் தேவையில்லை," என்றார். சதவீத எண் ஒன்று, வாடகை தர வருகிறவன் போல நகர்ந்து நகர்ந்து நூறுக்கு வந்தது. பிரெஞ்சில் ஒரு வரி விழுந்தது.

"என்ன சொல்லுது?"

"பழுது இருக்காம். எல்லாத்தையும் திருத்த ஏலாதாம்."

நான் கைபேசியை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தேன். பிரெஞ்சைப் படம் பிடித்தால் தமிழில் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. 'சேதமடைந்த கோப்புகள் கண்டறியப்பட்டன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்றது. மனுஷன் சொன்னது சரிதான். ஏனோ எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"என்னில நம்பிக்கை இல்லையோ?" என்றார் அவர். கோபமில்லை, கேள்விதான்.

"நம்பிக்கை இருக்கு அண்ணே. சரிபார்த்துக்கிட்டா நம்பிக்கை இன்னும் நல்லா இருக்கும்."

அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "பிரச்சினை என்னெண்டா, ஸ்டோரில இருக்கிறதும் பழுது."

இது எனக்கு உடனே புரிந்தது. கடையில் இருக்கும் புடவையில் ஓட்டை என்றால் கிடங்கிலிருந்து மாற்றலாம். கிடங்கிலேயே எலி புகுந்திருந்தால்?

"வெளியிலயிருந்து நல்ல ஃபைல் எடுக்கோணும். என்னட்ட இருக்கிறது இங்கிலிஷ் டிஸ்க், உதுக்குச் சரிவராது. உதே விண்டோஸ், உதே பிரெஞ்சு, உதே மாதிரி இன்னொரு பெட்டி உங்களிட்ட…"

"இல்ல," என்றேன்.

அவர் கேள்வியை முடிக்கவே இல்லை. சுப்புராஜ் வாயைத் திறந்தார். நான் பனி பூட்ஸால் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். வாய் மூடியது.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. உன்னிடம் இன்னும் என்ன சரக்கு இருக்கிறது என்று ஒருவன் கேட்டால் இல்லை என்றுதான் என் நாக்கு சொல்லும். கிடங்கைத் திறந்து காட்டியவன் பேரத்தில் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

"அப்ப கஷ்டம் தங்கச்சி," என்று அருளம்பலம் கையைத் துடைத்துக்கொண்டார். "தேடிப் பாக்கலாம். ஞாயிறுக்குள்ள கிடைக்குமெண்டு சொல்லமாட்டன்."

நான் சுப்புராஜை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு வழியாக ஒரு கண் கம்ப்யூட்டர் மேலேயே இருந்தது.

"எதுக்குடி மிதிச்ச? அதான் கட்டிலுக்கு அடியில குத்துக்கல்லாட்டம் கிடக்குதே! உள்ள போய் இருக்குன்னு சொல்லு."

"இல்லைன்னு சொன்னதை இருக்குன்னு மாத்துனா, நாளைக்கு அந்தாளு விலையையும் மாத்துவாரு."

"அப்ப அம்ருதா ஒரு கையோட மணவறையில உக்காரட்டும்."

அது சரியான இடத்தில் குத்தியது. கல்யாணத்தில் ஊரே கூடும். ஒரு கை வெறுமையாக இருந்தால் மந்திரத்தை யாரும் கேட்கப்போவதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். அதற்குப்பின் இந்த ஊரில் எனக்கு ஊசியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். மற்றப் பெட்டியை எடுத்துவர அவரை வீட்டுக்கு அனுப்பினேன். கடையில் இருந்த பெட்டியைத் தனியாக விட மனமில்லாமல் நான் உள்ளே திரும்பினேன்.

"அண்ணே, எங்க சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட இருக்குமாம். இவருக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஓமோ? ஆர் அவர்?"

"நாகசுப்பிரமணியன். ரிட்டயர்டு புரொஃபசர்." தெரிந்தவர்களிலேயே மரியாதையான பெயராகப் பார்த்து எடுத்துவிட்டேன்.

"நல்ல காலம், புரொஃபசர் எறியாமல் வைச்சிருக்கிறார்," என்றார் அருளம்பலம்.

சுப்புராஜ் காய்கறி வண்டியில் போர்வை சுற்றி, பனியில் இழுத்துக்கொண்டு பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் உள்ளே நாயா என்று கேட்டாளாம். நான் வயரை எடுக்கக் கை நீட்டினேன். அருளம்பலம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தடுத்தார்.

"ஐஸ் மாதிரிக் குளிருது. உடன போட்டா உள்ளுக்கு வேர்த்து எல்லாம் எரிஞ்சுபோம். கிடக்கட்டும், சூடாகட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அது தன்ர பாட்டில சூடாகும் வரைக்கும்."

இது எந்த ஊர் நியாயம்? நேரத்தைக் கடத்தி நம்மைச் சாப்பிட அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பதை உருவுகிற யுக்தி என்று என் மனம் சொல்லியது. நாற்காலியை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போட்டேன். சுப்புராஜ் பசிக்கிறது என்றார், பசிக்கட்டும் என்றேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் இன்ச் டேப். அறிமுகம் தேவைப்படவில்லை. தையல்காரி தையல்காரியின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். அவள் என் மோதிர விரலின் ஊசித் தழும்பைப் பார்த்தாள்.

"இவதான் கனகவல்லி," என்றார் அருளம்பலம், ரசீதில் எழுதிய என் பெயரைப் பார்த்து.

"நீங்களோ!" இமெல்டா பையைத் தொப்பென்று வைத்தாள். "உங்கட பேரைச் சொல்லிச் சொல்லியே சனம் என்ர விலையைக் குறைக்குது. கனகவல்லி அக்கா உதிலும் பாதிக்குத் தைக்கிறாவாம்!"

"நானா? பாதிக்கா?" நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "உங்க பேரைச் சொல்லித்தானே என்னை அடிக்கிறாங்க!"

"ஆர் சொன்னது?"

"உங்களுக்கு யாரு சொன்னது?"

 "டாக்குத்தரம்மாவோ?" என்றாள் இமெல்டா மெதுவாக. நான் அரக்குப் பட்டை நினைத்துக்கொண்டு தலையசைத்தேன். விளக்குத்தூணில் நான் இவ்வளவு நேர்த்தியான பேரத்தைப் பார்த்ததில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் கடை போடலாம்.

இமெல்டா எனக்கும், மசாலா அடைத்துப் பொரித்த ரோல்ஸ் ஒன்றை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், ஆனால் அவள் முதலில் கடிக்கும்வரை காத்திருந்தேன்.

பெட்டி சூடாகிவிட்டது என்று அருளம்பலம் அதை மேசையில் ஏற்றி, வயர் செருகப் பின்பக்கத்தைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த என் பெட்டியின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே சிவப்பில், பொட்டுப் பொட்டாக நெயில் பாலிஷ்.

"ஏன் தங்கச்சி, புரொஃபசரும் நெயில் பொலிஷ் போடுறவரோ?"

சுப்புராஜ் இருமத் தொடங்கினார். இமெல்டா என் நகங்களைப் பார்த்தாள். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"வயசானவர். எதையாவது பூசிக்கிட்டே இருப்பார்," என்றேன்.

"நல்ல கலர்," என்றார் அருளம்பலம். வயரைச் செருகினார்.

பழுதான ஃபைல்களின் பெயர்களைப் பார்த்து, அதே பெயருள்ளவற்றைப் புரொஃபசர் பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்து, என் பெட்டியில் அதே இடத்தில் வைத்தார். நான் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு இடத்தில் அவர் தப்பான ஃபோல்டருக்குப் போனபோது, "அண்ணே, அது இல்ல, மேல," என்றேன். "ஓம், ஓம்," என்று திரும்பினார். காவலுக்கு உட்கார்ந்ததற்கு அந்த அளவாவது பலன்.

பிறகு என் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். கறுப்புத் திரை. வெள்ளை அம்பு. அதே அம்பு. என் கையில் இருந்த ரோல்ஸ் பாதி நசுங்கிவிட்டது. அம்பு சுழலும் வட்டமாக மாறியது, வட்டம் போய் நீலம் வந்தது, நீலத்தில் என் ஐக்கான்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. எம்பிராய்டரி சாஃப்ட்வேரை நானே தட்டினேன். லைசென்ஸ் கேட்கவில்லை. வலது கை திறந்தது: கொடி, கொடி முழுக்கக் கிளி, எல்லாம் இடதுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

இமெல்டா திரையைப் பார்த்தாள். நான் திரையை மறைக்க நகரவில்லை. கொஞ்சம் நகர்ந்தேன், ஆனால் முழுக்க மறைக்கவில்லை.

"இப்பவாவது கொப்பி எடுக்கட்டோ?" என்றார் அருளம்பலம்.

எடுக்கச் சொன்னேன். ஒரு சின்ன டிஸ்க்கில் எல்லாம் அடங்கியது. "வீட்டில வைக்காதையுங்கோ. தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்து போம். வேற இடத்தில வையுங்கோ," என்றார். வேற இடம் என்றால் எந்த இடம்? நிஜமான நாகசுப்பிரமணியன் சாரிடம் கொடுத்தால் மறுநாளே ஊருக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு முகமாக மனதில் எடுத்து, ஒவ்வொன்றாகக் கழித்தேன்.

கடைசியில் டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு, ஜரிகை நூலால் கட்டி, முடிச்சில் என் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து அருளம்பலத்திடம் நீட்டினேன். "இங்கயே இருக்கட்டும் அண்ணே."

அவர் வாங்குவதற்குள் இமெல்டா குறுக்கே கை நீட்டினாள். தன் கைப்பையிலிருந்து ஊதா நிறக் குப்பி ஒன்றை எடுத்து, என் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தாள்.

"பேந்து நீங்கள் இதைத் திறந்து பாத்திட்டு, நாங்கள் திறந்தனாங்கள் எண்டு சொல்லக்கூடாது, பாருங்கோ."

அந்த நிமிஷம்தான் அவளை எனக்குப் பிடித்தது.

அருளம்பலம் கூலியைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சுப்புராஜின் பனி பூட்ஸ் என் கால்மேல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வலது கையின் கடைசிக் கிளிக்கு மெஷின் கண் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. டாக்டர் ஸ்ரீலேகா. ரிசப்ஷனுக்கும் ஒரு ரவிக்கை வேண்டுமாம். விலை சொன்னேன்.

"என்ன கனகவல்லி, இமெல்டா இதைவிட ரொம்பக் கம்மியாத் தர்றாங்களே!"

"அப்படியா டாக்டர்? கொஞ்சம் இருங்க, அவங்களையே கேட்டுடுறேன்," என்று ஃபோனைத் தையல் மேசைமேல் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கிளிக்குக் கண் முடியும்வரை மெஷினின் சத்தத்தை மட்டும் அந்த அம்மாள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி எடுத்தபோது, நான் சொன்ன விலைக்கே சரி என்றார்.