வயித்தெரிச்சல்

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு குணம் ஒதுக்கியிருந்தார்கள், அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு ஒதுக்குகிற மாதிரி. அப்பாவுக்குப் பயம், அம்மாவுக்கு அழுகை, எனக்குக் கோபம், அக்காவுக்குப் பொறுமை. அடுத்தவர் தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அப்பா தப்பித்தவறிக் குரலை உயர்த்தினால் காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நான் அழுதால் "கண்ணுல தூசியாடி?" என்பாள்.

பட்டப்பெயர் வைத்தது அப்பாவின் அக்கா. "சின்னவ மிளகா, பெரியவ பஞ்சு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள் அத்தை. அதோடு எங்கள் நிஜப் பெயர்கள் பள்ளிக்கூட ரெஜிஸ்தரோடு நின்றுபோயின.

அக்காவைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல." இதைப் பாராட்டாகச் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று எந்த நல்லவராவது கேட்டாரா?

அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றும்போது சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அப்பா பயந்தார். அம்மா அழுதாள். நான் சின்னவள், கத்தினேன். மிச்சமிருந்தது பொறுமை. அது துணிக்கடைக்கு வேலைக்குப் போனது.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பெரிய ரெடிமேட் கடை. மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷின், ஒரு ட்யூப்லைட். வாங்கிய பேண்ட் நீளமாக இருந்தால், சட்டை தொளதொளவென்று இருந்தால், அக்கா பிரித்து அளவாக்கித் தர வேண்டும். நாளெல்லாம் அவள் தலைக்கு மேல் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். முடியில் நூல் துணுக்குகளோடு வீட்டுக்கு வருவாள். வந்து, வீட்டு மிஷினில் தெருக்காரர்களின் துணிகளோடு உட்காருவாள். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் வயிற்றில் எப்போதும் எரிச்சல். அதற்கு ரோஸ் கலரில் ஒரு பாட்டில் மருந்து. கரண்டியெல்லாம் இல்லை, சோடா குடிக்கிற மாதிரி அண்ணாந்து குடிப்பாள்.

முனை மருந்துக்கடைக்காரருக்கு இதில் ஒரு நிரந்தர ஜோக் உண்டு.

"என்னம்மா, மறுபடியும் வயித்தெரிச்சலா? யாரைப் பாத்து?"

"உங்களைப் பாத்துதாண்ணே. உக்காந்த எடத்துலயே சம்பாதிக்கறீங்களே."

கடையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் வம்சத்திலேயே முதல். முதல் என்பதில் பெருமை எல்லாம் பட்டமளிப்பு அன்றைக்கு மதியத்தோடு சரி. என்னோடு படித்தவர்களுக்கு அப்பாவோ மாமாவோ ஒரு போன் போட்டு வேலை வந்தது. எங்கள் அப்பா இப்போது வாகன நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். அவர் போன் போட்டால் ராங் நம்பர் என்பார்கள். கடைசியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். கோட்டாம்! வாளியில் பெயிண்ட் கலக்குவதற்கு!

பழைய துணி விற்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி வந்தேன். அக்கா அதை என் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ரெண்டு மிளகா உக்காரலாம்டி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோட்டோடு மிஷினில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து பிரித்து எடுத்தாள். தோளைக் குறைத்து வெட்டினாள். பிறகு கைகளை மறுபடி பொருத்தி வெள்ளை நூலால் பெரிது பெரிதாக ஓட்டுத் தையல் போட்டாள். அது சும்மா பிடித்துக்கொள்வதற்கு, தாங்காது. அதன் மேல் மிஷினில் கறுப்பு நூல் ஓட்டிவிட்டு வெள்ளையை உருவிவிட வேண்டும். நான் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னடி கேப்பாங்க?"

"மொதல்ல, உங்களைப் பத்திச் சொல்லுங்கம்பாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"நல்லா இருக்கே. என்கிட்ட 'எப்ப ரெடியாகும்'னு மட்டும்தான் கேக்கறாங்க. சரி, நீ சொல்லு பாப்போம்."

நான் நிமிர்ந்து நின்றேன். "எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் தந்தை விபத்தில் படுத்துவிட்டபோது என் அக்கா எனக்காகத் தன் படிப்பைத் தியாகம் செய்தார்." தியாகத்துக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன். நிறுத்தினேன். மிஷினும் நின்றிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. எரியுது." எழுந்து போய் பாட்டிலை எடுத்து அண்ணாந்தாள்.

"நல்லா இருக்கா, நான் சொன்னது?"

"நல்லா இருக்கு."

சாயங்காலம் கோட்டு இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கியது. எனக்காகவே பிறந்த கோட்டு மாதிரி அளவாக இருந்தது.

தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் ஒரு வழுக்கைத் தலை, ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடி அம்மா, மறுபக்கம் லேப்டாப்பை விட்டுத் தலை நிமிராத ஒரு இளைஞன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். தியாகத்துக்குப் பிறகு நிறுத்தினேன். வழுக்கை "ச்சு, ச்சு" என்று தலையை ஆட்டினார். லேப்டாப் கூட நிமிர்ந்தது.

மூக்குக்கண்ணாடி கேட்டாள், "அமிலத்தைச் சமன்படுத்தறதுக்கு வீட்டுல பாக்கற உதாரணம் ஒண்ணு சொல்லுங்க. சமன்பாட்டை போர்டுல எழுதுங்க."

எனக்கு வேறு என்ன தோன்றும்? அக்காவின் ரோஸ் பாட்டில்தான். எழுந்து போய் பலகையின் உச்சியில், அதில் இருக்கிற மெக்னீசியம் ஹைட்ராக்சைடிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். கையைத் தூக்கினேன்.

டர்ரென்று சத்தம். வலது கை தோளிலிருந்து கழன்று முழங்கை வரை இறங்கி வந்துவிட்டது. கோட்டின் கைதான். என் கை அப்படியே மேலே நின்றது, எழுதுகோலோடு.

நான் சமன்பாட்டை எழுதி முடித்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடி அம்மா மேஜையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து நீட்டினாள். "இதை அடிச்சுக்கறீங்களா?"

வழுக்கை கேட்டார், "யாரும்மா தச்சது?"

"எங்க அக்கா."

"அந்த... தியாகம் பண்ணின அக்காவா?"

லேப்டாப் இருமுகிற மாதிரி சிரித்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

கழிப்பறையில் கோட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பினேன். இடது அக்குளைச் சுற்றி கறுப்பு நூல், எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக. வலது பக்கம் வெறும் வெள்ளை நூல், இழுத்தால் வருகிற மாதிரி. அக்கா அவசரத்தில்கூட ஒரு பட்டன் துளையை அரைகுறையாக விட்டவள் இல்லை. வாங்கி வந்த ஸ்டேப்ளரால் வலது கையைச் சுற்றி வரிசையாக அடித்தேன்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கோட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. பக்கத்துல கேக்கும்."

"மறந்துட்டியாக்கா?" என்றேன். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்றுதான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"மறந்திருப்பா, பாவம். வேலை அப்படி" என்றார் அப்பா.

"அவ வேணும்னா பண்ணுவா?" என்றாள் அம்மா.

"வேணும்னுதான் பண்ணினேன்" என்றாள் அக்கா.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சத்தியமாகத் தொட்டுப் பார்த்தாள். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"காய்ச்சல் இல்லம்மா. இடது கை தச்சு முடிச்சேன். வலது கையை ஊசிக்குக் கீழ வச்சப்பதான் இவ சொன்னா, அக்கா தியாகம் பண்ணினாளாம்! நான் எப்படி தியாகம் பண்ணினேன்? நானா குடுத்தாத்தானே தியாகம்? என்கிட்டேயிருந்து பிடுங்கினீங்க. 'நாளையிலேருந்து கடைக்குப் போ'ன்னீங்க. போறியான்னுகூட கேக்கல. நானும் போனேன். போனதுக்கு 'பொறுமைசாலி'ன்னு பேரு. இப்ப அதையும் இவ எடுத்துட்டுப் போய் எவன்கிட்டயோ சொல்லி வேலை கேக்கறா."

"அக்கா..."

"இருடி. மருந்துக்கடைக்காரர் தெனமும் கேக்கறாரே, யாரைப் பாத்துன்னு? உன்னைப் பாத்துதான். நீ பையை மாட்டிக்கிட்டு படி இறங்கறப்பல்லாம் எரியும். நீ பாஸானப்ப சந்தோஷமாதான் இருந்துது, நெசமாவே. கடையில எல்லாருக்கும் சொன்னேன். சொல்றப்பவே இங்க எரிஞ்சுது. ரெண்டும் சேந்தேதான் வருது. எது நெசம்னு எனக்கே தெரியல."

"பஞ்சு மாதிரி இருந்தியேடி" என்றாள் அம்மா.

"பஞ்சுதாம்மா மொதல்ல எரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது மிளகாய் வெடிக்க வேண்டும், அதுதானே ஒதுக்கீடு. நான் கோட்டிலிருந்த ஸ்டேப்ளர் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"திட்டேன்டி" என்றாள் அக்கா. "எல்லாத்துக்கும் கத்துவியே."

"நான் கையைத் தூக்காம இருந்திருந்தா கிழிஞ்சிருக்காதுல்ல?"

"கிழிஞ்சிருக்காது. அப்படி நெனச்சுத்தான் விட்டேன். தூக்கினா கிழியட்டும், தூக்கலேன்னா உன் அதிர்ஷ்டம்னு. காலையில நீ கிளம்பறப்ப சொல்லிடலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். சொல்லல."

"தச்சது யாருன்னு கேட்டாங்கக்கா. அக்கான்னேன். 'தியாகம் பண்ணின அக்காவா'ன்னு கேட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்றும் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை. கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசவில்லை. ஒரே அறையில், ஒரே கண்ணாடியில் தலைவாரிக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அவள் மேல் கோபமாக இருந்தது. அவளை மாடிப்படிக்கு அடியில் உட்கார வைத்தவர்கள் மேலும் கோபமாக இருந்தது. அந்த வரிசையில் யார் யார் என்று பார்த்துக்கொண்டே போனால், ஜன்னலைச் சாத்துகிற ஒரு பயந்த மனிதரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஒரு பெண்ணும்தான் நின்றார்கள். அவர்களிடம் போய் என்னவென்று கத்துவது? ஆனால் ஒன்று. அத்தனை வருஷத்தில் அக்கா தனக்காகச் செய்துகொண்ட ஒரே காரியம் அந்தத் தைக்காத கைதான். அது என் தோளில்தானா வந்து விடிய வேண்டும் என்றிருந்தது.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. சமன்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்த பெண்தானே என்று கேட்டார்கள். முதலாளி பார்க்க வேண்டுமாம், மறுபடி வர வேண்டும்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக் குசுகுசுத்தாள். "கோட்டை வெளியில எங்கயாவது குடுத்துத் தச்சுக்கோ. அவகிட்ட குடுக்காத."

நான் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தேன். அக்கா மிஷினில் யாருடைய பாவாடையையோ மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பாவாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு கோட்டை அதன் இடத்தில் போட்டேன்.

"தை."

அவள் அதைத் தொடவில்லை. "வேணாம்டி. என்னை நம்பிக் குடுக்காத. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

"எனக்கும் இல்ல. அதனால பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டேப்ளர் கம்பிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். "எவன்டி இப்படி அடிச்சது, பொட்டலம் கட்டற மாதிரி?" என்று முணுமுணுத்தாள். வெள்ளை நூல் கோத்து ஓட்டினாள். கறுப்பு நூல்கண்டை மிஷினில் மாட்டினாள். ஊசியை இறக்கிவிட்டு நிறுத்தினாள்.

"இந்தத் தடவை என்ன சொல்லப் போற?"

யோசித்தேன். "என் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளைக் கேட்கவில்லை. அந்தக் காசில் நான் படித்தேன்."

"அப்புறம்?"

"அவளுக்கு என் மேல் வயிற்றெரிச்சல்."

"அடிப்பாவி! அதைச் சொல்லாதடி, வேலை குடுக்க மாட்டான்."

"சரி, அது நமக்குள்ள."

"மொதல்ல சொன்னியே, அதைத் திருப்பிச் சொல்லு."

சொன்னேன். நிறுத்துகிற இடமெல்லாம் எதுவும் வைக்கவில்லை. முடிக்கும் முன்பே மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அக்குளைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து, அதன் மேலேயே இன்னொரு வட்டமும் ஓட்டினாள். நூலைப் பல்லால் கடித்தாள். வெள்ளையை உருவித் தரையில் போட்டாள்.

"போட்டுக்கோ. கையைத் தூக்கு."

தூக்கினேன்.

"இன்னும்."

குதிகாலை எம்பி, விரல் நுனி வரை நீட்டித் தூக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் கண் தையலை விட்டு என் விரல் நுனிக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது.

"எரியுதாக்கா?"

"எரியுது."

"மருந்து எடுத்துத் தரவா?"

"தா. மொதல்ல கையை இறக்கித் தொலை, போதும்."