ஒரு முறைத் தண்ணீர்

குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. நேசமலரின் இடுப்பு நடுவில் எங்கேயோ பூட்டிக்கொண்டு நின்றது. விடிந்ததிலிருந்து வரம்புக்கு மண் வெட்டிப் போடுகிறாள். அவள் புருஷன் யோசேப்பு செய்ய வேண்டிய வேலை. அவனோ வண்டில் குடைசாய்ந்து காலை முறித்துக்கொண்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டியபடி ஒரு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான்.

மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்று அவள் பக்கத்து வயலைப் பார்த்தாள். பார்ப்பதில்லை என்று காலையிலேயே நினைத்துக்கொண்டு வந்தவள்தான். கச்சு முகம்மதுவின் வயல். நெல் குடலை தள்ளி, பயிரின் தண்டு பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரிப் பருத்து நின்றது. இந்த நேரம் ஒரு தண்ணீர் கிடைத்தால் மணி பிடிக்கும். கிடைக்காவிட்டாலும் கதிர் வரும், ஆனால் உள்ளே ஒன்றும் இராது, எல்லாம் சப்பிதான். அந்தத் தண்ணீர் நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு வர வேண்டியது. வராது. வராது என்று அந்த வாய்க்கால் முழுவதற்கும் தெரியும். அவர் கள்ளத் தண்ணீர் எடுத்தார் என்பது காரணம். எடுத்தது அவரில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றவள் இவள்.

அந்தக் குடியேற்றத்தில் கோடையில் விதைக்கும் சிறுபோகம் என்றால் முறைத் தண்ணீர்தான். பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு வயலுக்கு ஆறு மணித்தியாலம். அந்த வாய்க்காலில் முதலில் நேசமலரின் வயல், அடுத்தது கச்சு முகம்மதுவினுடையது, கடைசியில் நடராசாவினுடையது. போன முறை திங்கட்கிழமை பின்னேரம் நேசமலருக்குத் தண்ணீர் வந்தபோது ஒற்றைப் பொம்பிளையாக நின்று மாரடித்தாள். நண்டு துளைத்த வரம்பு உடைத்துக்கொண்டு பாதித் தண்ணீர் கழிவு வாய்க்காலில் போயிற்று. மேட்டுப் பக்கம் காய்ந்தபடியே கிடந்தது. மறுநாள் காலை கச்சு முகம்மது தன் முறையைப் பாய்ச்சி முடித்து, மதியத்தோடு அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நடராசா வயலுக்குள் தண்ணீர் நுழையும் தன் வக்கடையை வெட்டித் திறந்துவிட்டுச் சோறு தின்னப் போனான். உச்சி வெயில். வாய்க்கால் கரையில் காகம்கூட இல்லை. நேசமலர் வரம்பில் இருந்த தன் வக்கடையின் மண்ணை நான்கு வெட்டு வெட்டினாள். அவ்வளவுதான். நடராசாவின் தண்ணீர் அவளுடைய மேட்டுக்கு ஏறியது. அவன் திரும்பி வருவதற்குள் அடைத்தும் விட்டாள்.

வயலில் பாதி நனையாதது கண்டு நடராசா வாய்க்கால் வழியே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். மேலே இருந்த இரண்டு வயலும் ஈரம். ஈரத்தைப் பார்த்து எது முறைத் தண்ணீர், எது கள்ளத் தண்ணீர் என்று யார் சொல்வது? மறுநாள் தண்ணீர் முறை பார்க்கும் விதானையார் சிற்றம்பலம் வாய்க்கால் தலைப்பில் எல்லாரையும் கூட்டினார். நடராசா ஒரே நிலையில் நின்றான். இரண்டு பேரும் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வரட்டும், அம்மன் முன்னிலையில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும், பொய் சொன்னவரை அவள் பார்த்துக்கொள்வாள் என்றான்.

எல்லாருடைய கண்ணும் முதலில் நேசமலரிடம்தான் வந்தது. அப்போது அவள் வாயில் வந்தது சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய வசனம்.

"நாங்கள் சத்தியம் பண்ணுறேல்லை. எங்கட வேதத்தில அது தடை. ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை. அதுக்கு மேல ஒண்டும் சொல்லக்கூடாது எண்டுதான் எழுதிக் கிடக்கு."

சொன்னது அவ்வளவும் உண்மை. அப்படியென்றால் ஓமா இல்லையா என்று அடுத்த கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்து நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை. விதானையார் தலையை ஆட்டினார். வேதக்காரரில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

கச்சு முகம்மதுவும் அதையேதான் சொன்னார். படைத்தவனைத் தவிர வேறு எதன் பேரிலும் தான் சத்தியம் செய்ய முடியாது, பள்ளிவாசலுக்கு வாருங்கள், அங்கே வைத்துச் சொல்கிறேன் என்றார். நடராசா சிரித்தான்.

"உங்கட பள்ளியில உங்கட ஆக்கள்தானே நிப்பினம். அம்மனெண்டவுடன ஏன் காலை இழுக்கிறியள்?"

ஒரே மறுப்பு. அவளுக்கு அது நேர்மை, அவருக்குக் குற்றம். அவருடைய அடுத்த முறை நடராசாவுக்கு என்று விதானையார் தீர்த்தார். அதுதான் அந்தப் போகத்தின் கடைசி முறை. அதோடு குளத்தின் மதகான துருசை அடைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை பின்னேரம் வீட்டில் செபக் கூட்டம். யோசேப்பு கோயிலுக்கு வர முடியாததால் உபதேசியார் முல்லைத்தீவிலிருந்து சைக்கிள் மிதித்து அவர்கள் கொட்டிலுக்கே வந்துவிடுவார். குடியேற்றத்தில் இருந்த மற்ற இரண்டு வேதக்காரக் குடும்பங்களும் பாயில் வந்து இருந்தன. உபதேசியாருக்கு ஒரு பழக்கம். ஒரு பகுதியை ஒருவரை வாசிக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் அந்தக் கிழமை அந்த வசனம் தங்கள் வீட்டில், வயலில் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சும்மா வாசிக்கிறதுக்கு வேதம் என்ன பேப்பரோ என்று கேட்பார்.

அன்றைக்கு அவர் இருந்தவுடனேயே தொடங்கிவிட்டார். தேத்தண்ணிக் கடையில் நடராசாவைக் கண்டாராம். சைவக்காரனே சொல்கிறான், அந்த மனிசியின் வாயில் பொய் வராது என்று. இதைவிட வேறு பிரசங்கம் எதற்கு? சத்தியம் பண்ண வேண்டாம் என்ற பகுதியை நேசமலரையே வாசிக்கச் சொன்னார்.

அவள் புத்தகத்தை விரித்தாள். அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே அவள் கண் போய் நின்றது. காணிக்கை கொண்டுவந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை இருக்கிறதென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகட்டும் என்கிற இடம். நூறு தரம் வாசித்த இடம்தான். வைத்துவிட்டுப் போ. பிறகு போ என்றில்லை, செபம் முடிந்து போ என்றில்லை. வாசிக்க வேண்டிய பகுதியை அவள் வாசித்து முடித்தாள். குரல் இரண்டு இடத்தில் கட்டியது. பக்தி என்று நினைத்து உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் முன்னால் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டபோது கட்டிலில் இருந்து யோசேப்புதான் பதில் சொன்னான். "சொல்லுவா, சொல்லுவா. என்ர மனிசி என்னைவிட வடிவாக் கதைப்பா."

ஆட்கள் போன பிறகு, நேசமலர் குசினியில் அடுப்பை மூட்டாமல் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். யோசேப்பு முழங்கையை ஊன்றி அரைவாசி எழும்பினான்.

"ஆண்டவருக்குச் சொல்லிப்போட்டியோ?"

"எட்டு நாளாச் சொல்லுறன்."

"அப்ப அது காணும். விதானைக்கும் சொல்லவேணுமெண்டு எந்த அதிகாரத்தில கிடக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினான். நாளைக்குப் பின்னேரம் அவர்களுடைய முறை. இன்றைக்கு வாயைத் திறந்தால் அதுவும் போகும். கால் முறிந்தவனும் மூன்று பிள்ளைகளும் மாரி வரைக்கும் எதைத் தின்பது? கள்ளத் தண்ணீர் எடுத்தவன் என்று அரசாங்கக் கந்தோரில் எழுதினால் காணி பெர்மிட்டுக்கும் ஆபத்து. "கச்சு நானா சமாளிப்பார். அவருக்குக் கடையும் கிடக்கு."

அது கடையில்லை. சாக்கு விரித்து வெங்காயமும் கருவாடும் வைத்திருக்கும் ஒரு பலகைத் தட்டு. அது இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை அவள் விதானையார் வீட்டுக்கென்றுதான் வெளிக்கிட்டாள். பொதுக் கிணற்றடியில் கச்சு முகம்மதுவின் மனைவி ஜொஹறா நின்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்தாள். சந்தைப் பக்கம் போக வெட்கமாக இருக்கிறது என்றாள். பெடியளைக் கூடப் பள்ளிக்கூடத்தில் தண்ணிக் கள்ளன்ர மக்கள் என்று கூப்பிடுகிறார்களாம்.

"நீங்களாவது அப்பிடி நினைக்கேல்லைத்தானே? நீங்களும் அவரைப் போலத்தானே சத்தியம் செய்யமாட்டன் எண்டனீங்கள்."

நேசமலர் இல்லை என்று தலையை ஆட்டினாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பின்னேரம் தண்ணீர் வந்தது. இந்த முறை ஒரு துளி சிந்தாமல் பாய்ச்சினாள். முழங்காலளவு சேற்றில் நின்றபோது வாய் தன்பாட்டில் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் செபம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நடராசா வந்து கச்சு முகம்மதுவின் வக்கடைக்கு மேலும் இரண்டு கூடை மண் போட்டு இறுக்கினான். தண்ணீர் அந்த வயலின் ஓரத்தால் கடந்து போனது. கச்சு முகம்மது தன் வரம்பில் குந்தி இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி மட்டும் இருந்தார். நேசமலர் அதைத் தன் கொட்டில் வாசலில் நின்று பார்த்தாள். எந்த நிமிடமும் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று பத்து மணிக்கு நினைத்தாள். பதினொரு மணிக்கும் நினைத்தாள்.

சனிக்கிழமை விடிய எழும்பினாள். பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, யோசேப்பின் முகத்தைப் பார்க்காமல் வெளிக்கிட்டாள். கச்சு முகம்மது வாசலில் வெங்காயத்தின் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"நானா, அண்டைக்கு வக்கடை வெட்டினது நான்."

அவர் சுளகைக் கீழே வைத்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஜொஹறா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"வியாழக்கிழமை வந்திருந்தா வயல் தப்பியிருக்கும், தங்கச்சி."

"ஓம்."

"அப்ப இப்ப ஏன் வந்தனீங்கள்? உங்கட நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்கவோ?"

அதுவும் உண்மைதான். தன் வயலில் விளைவதில் பாதி நெல்லைத் தருவதாகச் சொன்னாள். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"நெல்லு வேண்டாம். நெல்லை வாங்கினா நான் என்ர தண்ணியை வித்ததாப் போயிடும். எனக்கு ரெண்டு சாமான் வேணும். ஒண்டு என்ர பேர். அண்டைக்கு நிண்ட ஆக்கள் எல்லாருக்கும் முன்னால நிண்டு சொல்லுங்கோ. மற்றது என்ர தண்ணி."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜொஹறா வெளியே வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால் தலைப்பில் விதானையார் போகக் கணக்கு முடிக்க ஆட்களைக் கூட்டியிருந்தார். நேசமலர் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பினாள். அம்மா வரமாட்டா, சாட்சி சொல்ல அவவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமென்று உபதேசியாருக்குச் சொல்லச் சொன்னாள். பிறகு வாய்க்கால் தலைப்புக்கு நடந்தாள். இருபது பேருக்கு நடுவில் நின்று சொன்னாள். சத்தியம் வேதத்தில் தடை என்று சொன்னது பொய்யில்லை, அதற்குப் பின்னால் ஒளித்து நின்றதுதான் பொய் என்றும் சொன்னாள்.

நடராசா கேட்டான்.

"அப்ப அம்மனுக்குப் பயந்துதானோ அண்டைக்கு வராமல் விட்டனீங்கள்?"

"ஓம். அவவுக்கும் கொஞ்சம் பயந்தனான்தான்."

யாரோ சிரித்தார்கள். நடராசா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தான் எடுத்த தண்ணீர் யாருடையது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் காலால் கிளறினான்.

விதானையார் துவாயால் முகத்தைத் துடைத்தார். கச்சு முகம்மதுவைப் பார்த்து, அன்றைக்குச் சொன்னது பிழை என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். பெயர் அப்படியாவது திரும்பியது. தண்ணீர் திரும்பவில்லை. துருசை நேற்றுப் பின்னேரமே இறக்கிப் பூட்டித் திறப்பைக் கந்தோரில் கொடுத்துவிட்டார்கள். குளத்தில் இருப்பது மாடு குடிக்கக் காணும், அவ்வளவுதான்.

வாற சிறுபோகத்தில் நெல் குடலை தள்ளும்போது வரும் தன் முறையை நானாவின் வயலுக்கு விடுகிறேன், இதை எழுதி வையுங்கள் என்றாள் நேசமலர். கள்ளத் தண்ணீருக்குத் தண்டனையாக அவளுடைய இன்னொரு முறையையும் வெட்டுவதாக விதானையார் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"மாரி பிழைச்சா வாற வருஷம் சிறுபோகமே இல்லை" என்றார் கச்சு முகம்மது. "அப்ப?"

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். அங்கே நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கதிர்கள் வெளியே வரத் தொடங்கியிருந்தன, வெள்ளையாக, நேராக, பாரமில்லாமல்.

கச்சு முகம்மதுவுக்கு நேசமலர் ஒரு முறைத் தண்ணீர் கடன். ஆறு மணித்தியாலத் தண்ணீர், நெல் குடலையில் நிற்கும்போது கொடுக்க வேண்டியது. இன்னும் கொடுக்கவில்லை.