கண்ணாடி ஐஸைக் காணாத கருவி

1

இந்தக் கதை ஒரு சால்வையிலிருந்து வந்தது. தூத்துக்குடியில் ஓர் ஓட்டல் மாடியில் முனைவர் நேசக்குமாருக்கு ‘அறிவியல் நேர்மைக்காக’ ஒரு சங்கம் பாராட்டு விழா எடுத்தது. நானும் போயிருந்தேன். எழுத்தாளன் என்றால் இப்படிப்பட்ட இடங்களில் ஒரு நாற்காலி உண்டு, காபியும் உண்டு. சால்வை தோளில் ஏறியதும் அரங்கமே கைதட்டியது. என் பக்கத்து நாற்காலிப் பெண் மட்டும் மிக்சர் தின்றுகொண்டிருந்தாள். நீங்கள் தட்டவில்லையா என்று கேட்டேன்.

“கை எண்ணெயா இருக்கு” என்றாள்.

அவள் பெயர் விஜிலா. நேசக்குமாரின் கம்பெனியில் பொறியாளர். அந்த நேர்மை எங்கிருந்து முளைத்தது என்பதைப் பிறகு சொன்னாள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘முத்து விளைந்த கடலோரத்தில், அலைகள் தாலாட்டப் பிறந்த விஜிலா விண்ணை நோக்கிக் கனவு…’

[நிறுத்திவிட்டேன். அவள் பிறந்தது ஆஸ்பத்திரியில். அலை தாலாட்டவில்லை, கொசு கடித்தது. தூத்துக்குடி என்றதும் முத்தை எடுத்து நீட்டுகிற எழுத்தாளனை மீன் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும்.]

இரண்டாம் தொடக்கம்: ‘விமானத்தின் இறக்கைகளில் பனி படிவது குறித்து உலகெங்கும்…’

[இது கட்டுரை. ஆனால் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.]

குளிர்ந்த மேகத்துக்குள் நுழையும் விமானத்தின் இறக்கையில் ஐஸ் படியும். படிந்தால் இறக்கையின் வடிவம் கெடும். வடிவம் கெட்டால், தூக்கிப் பிடித்திருக்கும் காற்று கைவிட்டுவிடும். அதை முன்கூட்டியே சொல்ல நேசக்குமார் ஒரு கருவி செய்தார். இறக்கையில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளி வெளியே போகும். ஐஸ் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வரும். விமானியின் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். இல்லையென்றால் பச்சை.

வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? துறைமுகச் சாலையில், இறால் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் கிடங்கில் சின்னக் குளிர் அறை ஒன்றைப் பிடித்தார்கள். அங்கே இறக்கையின் துண்டு ஒன்றை நிறுத்தி, விஜிலா தண்ணீர் தெளிப்பாள், உறைய விடுவாள், விளக்கைப் பார்ப்பாள். வீடு திரும்பினால் ஸ்வெட்டரில் இறால் வாடை. நீ போறது விமானக் கம்பெனியா மீன் கம்பெனியா என்று புருஷன் ரோச் கேட்பான். அவன் படகு வைத்திருப்பவன். வாடை அவனுக்குத் தெரியும்.

3

ஐஸில் இரண்டு வகை. நுண்ணிய துளி பட்டவுடன் உறைந்தால் உள்ளே காற்று சிக்கி வெள்ளையாக இருக்கும். பெரிய துளி பரவி மெதுவாக உறைந்தால் கண்ணாடிபோல் இருக்கும். வெள்ளை ஐஸில் ஒளி சிதறித் திரும்பியது, சிவப்பு எரிந்தது. கண்ணாடி ஐஸில் ஒளி ஊடுருவிப் போயே போய்விட்டது. கருவி பச்சை காட்டியது. இரண்டில் கெட்டியானது, எளிதில் விட்டுப்போகாதது, கண்ணாடி ஐஸ்தான்.

விஜிலா நேசக்குமாரிடம் சொன்னாள்.

“இந்தா பாரு விஜிலா, கருவிய வாங்க பெங்களூர்க்காரங்க வாராங்க. வெள்ளைய மட்டும் காட்டு. மத்தத அடுத்த மாடல்ல பாத்துக்கிடலாம்” என்றார் அவர்.

[நேசக்குமாரை நான் சந்தேகிக்கிறேன். இவ்வளவு சுலபமான அற்பர் கதைக்கு ஆக மாட்டார். அவரிடம் நல்லது ஏதாவது உண்டா என்று விஜிலாவிடம் கேட்டேன். உண்டு என்றாள். முதல் கருவியை அவரே உட்கார்ந்து செய்தார். ஒளியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சரி. அப்படியானால் அவர் தெரியாமல் சொன்ன பொய் இல்லை அது. நல்லதைத் தேடப்போய் ஆளை இன்னும் மோசமாக்கிவிட்டோம்.]

விஜிலா வாயை மூடிக்கொண்டாள். இந்த ஊரில் விமான வேலை வேறெங்கே இருக்கிறது? உப்பளத்தில் விமானம் விளையாது. பெங்களூர் போகலாம்தான். ரோச்சின் படகு பெங்களூருக்கு வராது.

4

பெங்களூரிலிருந்து வந்தவர்களில் ஷாம் என்பவர் விமானி. கருவியைப் பொருத்திக்கொண்டு மேகத்துக்குள் ஏறிச் சோதிக்கப்போகிறவர் அவர்தான்.*

* இவருக்கு ஒரு கைக்குழந்தை கொடுத்தால் நீங்கள் இன்னும் பதறுவீர்கள் என்று தெரியும். கொடுக்க மாட்டேன். குழந்தை இல்லாதவன் விழுந்தால் மெத்தையிலா விழுவான்?

எல்லாரும் கம்பளிக் குல்லாயோடு நின்றார்கள். விஜிலா மெல்லிய சாரலாகத் தெளித்தாள். இறக்கை வெளுத்தது. சிவப்பு எரிந்தது. கைதட்டினார்கள். நேசக்குமார் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

ஷாம் நகரவில்லை. சில மேகங்களில் துளி பெரிதாக இருக்குமே, அந்த ஐஸையும் இது பிடிக்குமா என்று கேட்டார்.

“எல்லாத்தையும் பிடிக்கும்” என்றார் நேசக்குமார்.

காட்டாமல் விடுவது ஒன்று, கேட்டவரிடம் பொய் சொல்வது வேறு என்று விஜிலாவுக்கு அப்போது பட்டதாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் குளிரில் நின்றவள் அவள்.

“பிடிக்காது சார்” என்றாள்.

பிள்ளைக்குக் குளிர் ஏறிவிட்டது என்று நேசக்குமார் சிரித்தார். ஷாம் சிரிக்கவில்லை, காட்டுங்கள் என்றார். அவள் இறக்கையைத் துடைத்தாள், அறையின் குளிரைச் சற்றுக் குறைத்தாள், தெளிப்பானின் மூக்கை மாற்றிப் பெரிய துளிகளாக விட்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள். நேசக்குமார் மட்டும் இறால் ஏற்றுமதியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இறக்கை ஈரம்போல மின்னியது. விளக்கு பச்சை. ஷாம் கையுறையைக் கழற்றி நகத்தால் தட்டினார். டக்கென்றது. மறுபடி தட்டினார். பச்சைதான்.

“இத நம்பி நான் மேல போயிருப்பேன்” என்றார்.

நேசக்குமார் தொண்டையைச் செருமினார்.

“இதையும் காட்டணும்னு காலையிலேயே விஜிலாட்ட சொல்லிட்டேன். குறைய மறைக்கப்பிடாது, பாத்தீங்களா.”

விஜிலா அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவரே அதை நம்பியிருந்தார். அவள் மறுக்கவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு அந்த நேர்மை மிகவும் பிடித்துப்போனது. கருவியை நிறுத்திவைத்து, கண்ணாடி ஐஸையும் பிடிக்கும்படி மாற்ற ஓராண்டு கொடுத்தார்கள். பத்திரிகையில் வந்தது. சால்வை வந்தது.

5

முடிவு அ: விழா மேடையேறி விஜிலா உண்மையைப் போட்டு உடைக்க, அரங்கம்… [சினிமா. மைக் சங்கச் செயலாளரிடம் இருந்தது. அவர் அதைத் தலைவருக்கே கொடுக்கவில்லை.]

முடிவு ஆ: எங்கோ ஒரு விமானம் விழுகிறது, நேசக்குமார் கதறித் திரு… [ஓர் அற்பர் திருந்த ஒரு விமானம் விழ வேண்டுமா? அவருக்கு அவ்வளவு மதிப்பில்லை.]

நடந்தது இது. விழா முடிந்த சில மாதங்களில் புதிய கருவி வந்தது. ஓர் ஒளிக்குப் பதில் இரண்டு, விஜிலாவின் யோசனை. கண்ணாடி ஐஸைப் பிடித்தது. மெல்லிய படலமாக இருந்தால் மட்டும் சில சமயம் கோட்டைவிட்டது. ஏன் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்குள், பறக்கத் தயார் என்று நேசக்குமார் பெங்களூருக்குச் சொல்லிவிட்டார். ஷாம் விஜிலாவுக்கே போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு நேசக்குமார் எதிரே நின்றார்.

“விஜிலா, நீங்க சொல்லுங்க. ஏறலாமா?”

நேசக்குமார் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினார்.

“இப்ப வேண்டாம் சார்” என்றாள் விஜிலா. “எனக்கே இன்னும் நம்பிக்கை வரல. வந்தா நானே கூப்பிடுதேன்.”

சரி என்று சொல்லி ஷாம் போனை வைத்தார்.

நேசக்குமார் அடுத்து என்ன செய்தார் என்பதை நான் எழுத மாட்டேன். அவளை வேலையைவிட்டு அனுப்பினாரா, இந்த வார்த்தையையும் தானே சொல்லச் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் திருத்தி மட்டும் விடாதீர்கள். நானும் ஒருமுறை திருத்திப் பார்த்தேன்; ஒரு பக்கம் வந்தது, நன்றாகவே வந்தது. விஜிலாவிடம் வாசித்துக் காட்டினேன்.

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கிழித்துப் போட்டேன்.