பலராமன் பார்த்த முடி

தட்டு வாசலைத் தாண்டி வந்து குழாயடியில் விழுந்தபோது நான் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்து முழுக்கச் சோறு. "இன்னிக்கும் முடி" என்று உள்ளே பலராமன் கத்திக்கொண்டிருந்தான்.

பலராமன் தாலுக்கா ஆபீஸ் கிளார்க். சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோடு கீழ்பென்னாத்தூர் போய், இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலைப் பார்த்துத்தான் பாஞ்சாலையைக் கட்டினான். ஆறே மாதத்தில் அந்தப் பின்னலே வினையாகிவிட்டது. சோற்றைப் போட்டதும் அதன்மேல் ஒரு முடி நெளிகிறது என்பான். எடுக்கப் போனால் நழுவிவிடுமாம். அவள் தலையைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு சமைத்துப் பார்த்தாள். தனக்கு எதுவும் தெரியவில்லையே என்று சொன்னால், அவன் அம்மா ஆராயி, தன் பிள்ளை பொய்யா சொல்கிறான் என்று பிடித்துக்கொள்வாள். ஒருநாள் ஆராயி என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள். தட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆராயி வீட்டு மோர்க்குழம்பு எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவது. ஏதோ கருப்பாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். சாயங்காலத்துக்குள் குளக்கரை வரை தெரிந்துவிட்டது. அவ்வளவு தூரம் நான்தான் நடக்க வேண்டியிருந்தது.

தட்டு பறந்த அன்றே பாஞ்சாலை பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். எட்டு மாதம் யாரும் கூப்பிடப் போகவில்லை. ஆராயி சமைத்தாள், அவன் சத்தமில்லாமல் சாப்பிட்டான். பிறகென்ன, தப்பு அந்தப் பெண்மேல்தான் என்று தெருவே முடிவு கட்டியது.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். வரிசையில் பலராமனுக்குப் பின்னால் நான். டாக்டர் எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"அங்க பாருங்க. ஏதாச்சும் தெரியுதா?"

"முடி மாதிரி நெளியுது சார்."

"செவுத்துல முடி மொளைக்குமாங்க?"

வரிசையே சிரித்தது. அது கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசு மாதிரியாம்; வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அதன்மேல் தெரியுமாம்; கிட்டப்பார்வை ஜாஸ்தி இருப்பவர்களுக்குச் சின்ன வயதிலேயே வருமாம். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஒன்றர வருசமா சார். தெனம்."

அவள் போன இந்த எட்டு மாதமும் அதில் சேர்ந்ததுதானே என்று நான் கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடக் கிளம்பினான். ஆராயிக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. துணைக்கு என்னைக் கேட்டான். இதற்கெல்லாம் நான் மாட்டேன் என்று சொல்வேனா?

பாஞ்சாலை சத்தம் போடவில்லை. தலைக்குக் குளித்த கூந்தலை முடியாமல் விரித்துவிட்டபடியே அவனுக்கு இலை போட்டாள். டாக்டர் சொன்னதை அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றைப் போட்டு, நடுவில் குழித்து, ரசத்தை ஊற்றினாள்.

"இருக்கா?"

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "இருக்கு."

என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாத்தேன்னு சொன்னீங்களேக்கா." நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தேன்.

"உங்க அம்மா போட்ட சோத்துலயும் இருந்துச்சா?" என்று அவனிடம் கேட்டாள்.

அவள் கரண்டியோடு நின்றாள். குழி உடைந்து, ரசம் இலை நரம்பைத் தாண்டி ஓடி, ஓரம் வழிந்து அவன் வெள்ளை வேட்டியில் சொட்டத் தொடங்கியது. அவன் நகரவில்லை.