மூடி இல்லாமல் ஓடாது

டப்பா மூடிகள் செய்யும் அந்த ஆலையின் வாசலில் ஒரு பலகை உண்டு. ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று எழுதி, அதன் கீழே எண் அட்டைகளை மாட்ட மூன்று கொக்கிகள். தினமும் காலையில் அட்டை மாற்றுவது சூப்பர்வைசரின் வேலை. ஐந்நூறைத் தொட்டால் ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அன்று பலகையில் நானூற்றுத் தொண்ணூற்றேழு. கடிகாரத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பல வீடுகளில் சண்டையே ஆரம்பித்துவிட்டது.

அங்கே தகட்டை அழுத்தி மூடியாக வெட்டும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் ஒருவருக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். கை அவ்வளவு வேகம். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. அவரைவிடப் பெரிய புத்திசாலிகள் ஆலையில் இருந்தார்கள். ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகிவிட்டால், ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அமுக்கலாம். மணிக்கு நூறு மூடி கூடுதலாக விழும். அதனால் எல்லா பிரஸ்ஸிலும் மரத்துண்டு இருந்தது.

அன்று சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு அச்சு இறங்கியபோது ராக்கெட்டின் வலது கை உள்ளே இருந்தது. இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் அல்ல. பதறிப்போய்த் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார். போகும் வழியில் மெல்ல ஆரம்பித்தார்.

“வீட்டுல மிக்ஸியில பட்டுடுச்சுன்னு சொல்லிடுப்பா. இன்னும் மூணே நாள். எல்லாருக்கும் நல்லது.”

மரத்துண்டைச் செருகியது தன் கைதானே என்று ராக்கெட்டுக்கு ஒரே குற்ற உணர்ச்சி. தலையாட்டிவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழுதாள். பிறகு நர்ஸ், மிக்ஸியில் எப்படிப் பட்டது என்று கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

“என் மிக்ஸியா? அது அப்படிப்பட்டது இல்லம்மா.”

அதற்குமேல் ராக்கெட்டால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினாள். வேலையிடத்தில் பட்ட காயம் என்று பதிவானால்தான் சிகிச்சையும், ஓய்வு நாட்களின் சம்பளமும், போன விரலுக்கு ஈடும் கேட்க முடியும். கவனக்குறைவு கொஞ்சம் இருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. பொய்யில் கையெழுத்துப் போட்டால்தான் போய்விடும். ராக்கெட் அப்போதும், தன்னால் எல்லாருக்கும் கடிகாரம் போய்விடுமே என்று முனகினார். விரல் போன மனுஷனுக்குக் கடிகாரக் கவலையைப் பார் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து, காலையில் மேனேஜர் ராக்கெட்டை வரச் சொன்னார். ‘வீட்டில் ஏற்பட்ட காயம்’ என்று தட்டச்சு செய்த தாள் மேஜையில் தயாராக இருந்தது. சூப்பர்வைசர் சுவரோரம் நின்றார். ராக்கெட்டோடு அவர் மனைவியும் ஒரு கனமான துணிப்பையோடு உள்ளே வந்தாள். பையிலிருந்து மிக்ஸியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவருடைய விசிறியின் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் செருகினாள்.

மூடியை எடுத்துவிட்டுக் குமிழைத் திருப்பினாள். மிக்ஸி அசையவில்லை. மூடியைப் பொருத்தித் திருப்பினாள். அறையே அதிரும்படி ஓடியது.

“பாத்துக்கோங்க சார். மூடி இல்லாம இது ஓடாது. இதுல எப்படி விரல் போகும்? மூடி செய்யற உங்க மிஷினைவிட என் மிக்ஸிக்குப் புத்தி அதிகம்.”

மேனேஜருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. தாளை ராக்கெட் பக்கம் தள்ளினார். ராக்கெட் அதை இடது கையால் திருப்பித் தள்ளினார். அப்போது சூப்பர்வைசர் முன்னால் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இது அவர் பிரஸ்ல இருந்தது சார். எல்லா மிஷினுக்கும் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். மூடிக் கணக்கு ஏறணும்னு நீங்க சொன்னீங்க. பதிவேட்டுல உள்ளபடியே எழுதுவோம்.”

மேனேஜர் மரத்துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டு விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் எல்லோரும் ஐந்நூறுக்காகக் கூடியிருந்தார்கள். அலுவலகத்தில் நடந்ததைச் சூப்பர்வைசரே ஒளிக்காமல் சொன்னார். கடிகாரம் போச்சே என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிடம் அவரே உள்ளே போய்த் தன் பிரஸ்ஸிலிருந்த மரத்துண்டைப் பிடுங்கிவந்து பலகையின் கீழே போட்டார். ஒவ்வொருவராகப் போட, அங்கே ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது.

ராக்கெட் ஸ்டூலில் ஏறி, எண் அட்டைகளைக் கழற்றிவிட்டு இடது கையால் பூஜ்யத்தை மாட்டினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகச் செய்த வேலை அதுதான். கீழே அவர் மனைவி ஸ்டூலைப் பிடித்தபடி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

“பலகையில இருக்கற எண்ணைக் காப்பாத்தாதீங்க, கையைக் காப்பாத்துங்க. அப்படியும் அடிபட்டா உள்ளதை உள்ளபடி எழுத வைங்க. அது யாருக்கும் அவமானம் இல்ல, உங்க உரிமை. நீங்க மறைச்சா, அதே மிஷின்ல நாளைக்கு அடுத்தவர் கை போகும்.”