கீழேயிருந்து மூன்றாவது வரி

என் வீட்டுக்காரர் மூக்கன் ரயில் என்ஜின் டிரைவர். பதினேழு வயதில் பொன்மலை ஷெட்டில் என்ஜின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, கரி அள்ளிப் போட்டு, ஃபயர்மேனாகி, கூட்ஸ் வண்டி ஓட்டி, நாற்பத்து நாலு வயதில் விருத்தாசலம் பாசஞ்சருக்கு வந்திருந்தார். அடுத்தது மெயில் வண்டி. வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். மெயில் டிரைவர் பிளாட்பாரத்தில் நடந்தால் ஸ்டேஷன் மாஸ்டரே நின்று பேசுவாராம். பேசாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நான் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

1957ஆம் வருஷம், மே மாதம் முதல் வாரத்தில் ஆபீஸ் காகிதம் வந்தது. ஜூன் மூன்றாம் தேதி கண் டெஸ்ட். அதில் தேறினால் ஜூலையிலிருந்து மெயில் வண்டி.

அன்று சாயங்காலம் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துத் தானும் உருவ ஆரம்பித்தார். அடுப்படிப் பக்கமே வராத மனுஷன்.

“என்ன, காத்து இந்தப் பக்கம் வீசுது?” என்றேன்.

“பவுனு, ஒரு ஒத்தாசை பண்ணணும். டெஸ்டுல போர்டு வச்சு இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கச் சொல்லுவாங்க. எனக்கு அது சரியா வராதுன்னு உனக்குத் தெரியும். போன தடவையே தட்டுத் தடுமாறித்தான் தப்பிச்சேன். நீ எட்டாவது படிச்சவ. சொல்லிக்குடேன்.”

“இருபத்தாறு எழுத்தையுமா?”

“போர்டுல இருக்கறதை மட்டும் சொல்லிக்குடு, போதும். மேலேருந்து வரிசையாத்தான் கேப்பாங்க. கீழேருந்து மூணாவது வரி வரைக்கும் படிச்சுட்டா பாஸ்.”

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு ரயிலையே இழுத்துக்கொண்டு வருகிற ஆம்பளை என்னிடம் பாடம் கேட்கிறாரே! எழுத்து வராததை வெளியில் சொல்ல வெட்கப்படாத ஆம்பளை எங்கள் ஜனத்தில் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பிப்பார்கள். அதையே இவர் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறாரே, அதில் பொய் இருக்காது என்று நான் சந்தேகமே படவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

மறுநாளே மகள் ராக்குவைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அதுதான் சாக்கு. கண் பார்க்கிற அறைக் கதவு திறந்திருந்தது. போர்டு எதிர்ச் சுவரில் தொங்கியது. வரிசையில் நின்றபடியே மனப்பாடம் செய்து, வெளியே வந்து மருந்துச் சீட்டின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டேன். கீழேயிருந்து மூன்றாவது வரி: டி, எச், ஓ, ஏ, எல், யூ. திருடிக்கொண்டு வந்தவள்போல நெஞ்சு படபடவென்று அடித்தது. அதுவும் ஒரு குஷியாகத்தான் இருந்தது.

சுவரில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடந்தது. ஏ என்றால் ஏணி. ஓ என்றால் சக்கரம். எச் என்றால் இரண்டு தண்டவாளம், நடுவில் ஒரு கட்டை. ஒரே வாரத்தில் கடகடவென்று ஒப்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். எழுத்து தெரியாதவர் எழுத்தைப் பார்த்தல்லவா படிக்க வேண்டும்? அறிவுகெட்ட எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. ராக்கு நச்சரித்தாள் என்று புளியோதரை கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போனோம். காவிரியில் மணல்தான் கிடந்தது. மதகுப் பக்கம் பள்ளத்தில் மட்டும் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நின்றது. நாள் முழுக்க நன்றாகத்தான் கழிந்தது. ஐஸ் வாங்கித் தந்தார், மகளைத் தோளில் உட்காரவைத்து என்ஜின்போலக் கூவிக்கொண்டு ஓடினார். பொழுது இறங்கும் நேரத்தில், “நீ போய்த் தூக்குவாளியைக் கழுவிட்டு வா, பிள்ளையை நான் பாத்துக்கறேன்” என்றார்.

கழுவிவிட்டு வந்தால் அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

“ராக்கு எங்கே?”

“அதோ, விளையாடிக்கிட்டு இருக்கா பாரு” என்று கையை நீட்டினார்.

அவர் காட்டிய இடத்தில் ஒரு நாணல் புதர் இருந்தது. அதன்மேல் யாரோ மஞ்சள் துணி ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். என் மகள் கட்டியிருந்ததும் மஞ்சள் பாவாடை. துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். ராக்கு மதகுப் பள்ளத்தின் விளிம்புக் கல்லில் குந்தி, தண்ணீருக்குள் காலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கல்லில் பாசி. பின்பக்கமாகப் போய் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, முதுகில் இரண்டு வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் மெதுவாக, மணலைக் காலால் தடவித் தடவி வந்து, “என்னாச்சு பவுனு, என்னாச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன கார்த்திகையில்தான் அரியலூர்ப் பக்கம் பாலம் உடைந்து வண்டி ஆற்றில் போயிருந்தது. அந்தச் சாவுகளை எங்கள் காலனி இன்னும் பேசி முடிக்கவில்லை. அதே பாதையில்தான் இவர் வண்டியும் வருகிறது. அரியலூர், லால்குடி, கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம், காவிரிப் பாலம். பின்னால் எட்டுப் பெட்டி. பெட்டி முழுக்க என் ராக்குவைப் போல எத்தனை பிள்ளைகள்! சமயபுரத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டின கையோடு, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று அவளையும் திட்டினேன்.

நேரில் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. வாயாடி என்று பேர் வாங்கினவள்தான், ஆனால் இதைக் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். கடைசியில், கோயிலுக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் ராக்குவை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் போனேன். பாசஞ்சர் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வரும். என்ஜின் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

வண்டி வந்தது. தூரத்திலேயே ஃபயர்மேன் காத்தமுத்து ஒரு பக்கமாகத் தலையை நீட்டி, “கை எறங்கிருக்குண்ணே, பச்சை, பச்சை!” என்று கத்துவது கேட்டது. டிரைவரும் ஃபயர்மேனும் கைகாட்டியைப் பார்த்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வது வழக்கம்தான். ஒருத்தர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும். ஆனால் அன்று காத்தமுத்து மட்டும்தான் பார்த்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

என்ஜின் என் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டு நின்றது. அவர் வெளியே எட்டிப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

“யாரும்மா அது? என்ஜின் பக்கத்துல நிக்காதீங்க, ஆவி அடிக்கும். தள்ளி நில்லுங்கம்மா.”

பன்னிரண்டு வருஷமாக ‘ஏய்’ என்றும் ‘பவுனு’ என்றும் கூப்பிட்ட வாய், எனக்கு மரியாதை கொடுத்துப் பேசியது. அப்படியே தள்ளி நின்றேன்.

தண்ணீர் கேனோடு கீழே குதித்த காத்தமுத்து என்னைப் பார்த்துத் திகைத்து நின்றான். அவன் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“எத்தனை நாளா இது?”

“அண்ணி...”

“எத்தனை நாளாடா?”

“ஒரு வருஷமாங்க. பகல்ல சமாளிச்சுடுவாரு. அந்தி மங்கினா கையும் தெரியாது, வெளக்கும் தெரியாது. நான்தான் சொல்லுவேன்.”

“பாவி, ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?”

“எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவருங்க அண்ணி. அவரு சோத்துல நான் எப்படி மண்ணள்ளிப் போடுவேன்?”

“வண்டிக்குள்ள இருக்கறவங்களை நினைச்சுப் பாத்தியா?”

கேன் நிரம்பி வழிந்தது. “ஜூன் ஆறாந்தேதி எனக்குக் கல்யாணம். இருபது நாள் லீவு. வேற ஆளு வருவான். அவன் இவரை நம்பித்தான் வருவான்” என்றான். கார்டு விசில் ஊதினார். காத்தமுத்து ஓடிப்போய் ஏறிக்கொண்டான். வண்டி காவிரிப் பாலத்தைப் பார்த்துக் கிளம்பியது. அது பாலத்தைத் தாண்டுகிற சத்தம் அடங்குகிறவரை நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். சொன்னால் ஒரு வருஷம் மறைத்தது வெளியே வரும். சீட்டுக் கிழிந்துவிடும், காத்தமுத்துவுக்கும் சேர்த்து. டெஸ்டில் தானாகத் தவறினால் அப்படி இல்லை. கண் போனவர்களுக்கு ஷெட்டிலேயே லேசான வேலை கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் இருக்கும், சோறு இருக்கும். மெயில் வண்டி மட்டும் இருக்காது. அந்த மனுஷனின் ஆசையை என் கையாலேயே கொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டெஸ்டுக்கு நாலு நாள் இருக்கும்போது சொன்னேன்: “ஏங்க, இன்னிக்கு ராக்குவுக்கு மருந்து வாங்கப் போனேன். மூணாவது வரியை நான் தப்பாப் பாத்துட்டு வந்திருக்கேன். ஏ, யூ, டி, எல், எச், ஓ. இதுதான் சரி.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சத்தியமா?”

“நான் உங்ககிட்ட பொய் சொல்லுவனா?” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. கொஞ்ச நேரம் என் முகம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி, சொல்லிக்குடு” என்றார். நாலு நாளும் சொல்லிக்கொடுத்தேன். பாம்புக்குப் பால் வார்க்கிறவள் பயப்படுவதைவிட அதிகமாகப் பயந்துகொண்டே சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பிசகில்லாமல் ஒப்பித்தார்.

மூன்றாம் தேதி காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு போனார். பத்து மணிக்கு டெஸ்ட். பன்னிரண்டு மணிக்கு ஷெட் சங்கு ஊதியது, வரவில்லை. ஒரு மணி. இரண்டு மணி. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஏதாவது வண்டி கூவினால் போதும், எழுந்து பின்கதவுக்கு ஓடினேன். தலையைக் கொடுத்துவிட்டாரோ? ஐயோ, உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, என் தாலியை நானே அறுத்துக்கொண்டேனோ? ராக்கு பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள்.

மூன்று மணிக்கு வந்தார். சுவரோரமாக நடந்து வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“ஃபெயிலு” என்றார். “ரெண்டு கண்ணுலயும் புரையாம். ஷெட்டுல ஸ்டோர் வேலை. நாளையிலேருந்து வண்டி கிடையாது.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, “நான்தாங்க, நான்தான் பாவி. வரிசையை மாத்திச் சொல்லிக்குடுத்தது நான்தான்” என்று கத்தினேன்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“ஸ்ரீரங்கத்துல நீ வந்து நின்னதைக் காத்தமுத்து பாலத்துலயே சொல்லிட்டான். அப்புறம் நீ வந்து வரிசை தப்புங்கறே. நீ பொய் சொல்றேன்னு கண்டுபிடிக்க எனக்குக் கண்ணு வேணுமாடி?” அவர் கை என் தலையைத் தேடிப் பிடித்தது. “பழசு மட்டும் எங்கே போகும்? ரெண்டும் மனப்பாடம். போர்டு முன்னாடி நிக்கறேன். மேல் வரியெல்லாம் சொல்லியாச்சு. டாக்டரு மூணாவது வரியில குச்சியை வச்சாரு. பழசு நாக்கு நுனியில நிக்குது பவுனு. அதைச் சொன்னா மெயில் வண்டி.”

“அப்புறம்?”

“நீ கடைசியாச் சொல்லிக்குடுத்ததைத்தான் சொன்னேன்.”

அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

“ஒரு வருஷமா ஒவ்வொரு கைகாட்டிக்கும் செத்துச் செத்துப் பொழைச்சேன்டி” என்று சொல்லிவிட்டு, ராக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னப்பிள்ளைபோல வாய்விட்டு அழுதார்.