சாமிக்கு வைத்தது

கேழ்வரகைத் திரிகையில் போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் போட்டுவிட வேண்டும். கடத்தூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்னச் சபையில் பெண்களுக்கு இது வழக்கம். அறுப்புப் பண்டிகையன்று பானையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பஞ்சத்திலும் சாராள் ஒருநாள் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செல்லி செத்த பிறகு, அந்தப் பானைக்குள் கையை விட்டால் உள்ளே இன்னொரு கை இருந்தது. எலும்பும் தோலுமாய், சில்லென்று. அது பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சும்மா ஏந்திக்கொண்டிருந்தது.

செல்லி சாராளின் ஓரகத்தி. கொழுந்தன் மாதுவின் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஞானஸ்நானம் வாங்கிய புதிதில் செல்லிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது சாராள்தான். "சாமிக்கு வெச்சதத் தொட்டா கை வெளங்காமப் போயிரும்டி" என்று மிரட்டியும் வைத்திருந்தாள்.

யுத்தம் நடந்த வருஷம். மழை பொய்த்தது. செல்லியின் மகள் ராஜாமணிக்கு அம்மை போட்டது. சபையே ஜெபித்தது. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? ஒளிந்து போய் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்தாள் செல்லி. பிள்ளை பிழைத்தது, தாயைச் சபை தள்ளிவைத்தது. நெருப்பு, தண்ணீர் எதுவும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்றார்கள். சாராளைக் கேட்கவா வேண்டும்? மோசேயே மலையிறங்கி வந்து அவள் காதில் சொன்னதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் செல்லி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு கைப்பிடி கேவுரு குடுங்க. புள்ள சுருண்டு கெடக்குது."

அன்று வீட்டில் இருந்தது அந்தப் பானையில் இருந்ததுதான்.

"சாமிக்கு வெச்சதுதான் இருக்குது. அதுல கை வெக்க முடியுமா?"

செல்லி வாதாடவில்லை. "அதுவும் சரிதாங்க்கா" என்று போய்விட்டாள். அந்த வாரமே மலையடிவாரத்தில் கிழங்கு தோண்டப் போனவள் மயங்கி விழுந்து அங்கேயே செத்தாள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காமல் ஓடைக்கரையில் புதைத்தார்கள்.

பானைக்குள் இருந்த கையைப் பற்றிச் சபையின் உபதேசியாரிடம் சொன்னாள் சாராள். பிசாசின் வேலை, ஜெபியுங்கள் என்றார் அவர். ஜெபித்தாள். இதுவரை வாயால் ஜெபித்தவள் இப்போதுதான் பயந்து, அழுது, மனதால் ஜெபித்தாள். முழங்கால் போட்டால் கர்த்தரின் முகம் வரவில்லை. வாசலில் நின்ற செல்லியின் முகம்தான் வந்தது. போகப் போக இரண்டையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அறுப்புப் பண்டிகைக் காலையில் மணி அடித்தது. பெண்கள் பானைகளோடு கோயிலுக்கு நடந்தார்கள். சாராளும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பி, எல்லார் கண்ணெதிரிலும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

மாது திடுக்கிட்டு எழுந்தான். அவள் பானையை அவன் காலடியில் வைத்தாள்.

"தம்பி, இத அன்னைக்கே குடுத்திருக்கணும். பாவி நான்."

அவன் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கி, மூடியிருந்த துணியை அவிழ்த்தான். அதில் பாதிக்குமேல் கேழ்வரகு இருந்தது.

"இதுவும் சாமிக்கு வெச்சதுதாங்க அண்ணி. தள்ளி வெச்சதுக்கு அப்பறமும், அரைக்கறன்னைக்கெல்லாம் ஒரு பிடி போட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பசிக்குதேன்னு நான் கை வெக்கப் போனா வுடல. 'அக்கா வூட்டுல கேட்டுப் பாக்கறேன்'னுட்டுத்தான் அன்னைக்கு வந்தா. அவ போனப்பறம் எனக்குத் திங்கவும் மனசு வல்ல, கோயிலுக்குக் கொண்டாரவும் தைரியம் வல்லைங்க."

செல்லியைக் கொன்றது தான் கொடுக்காத பிடி மட்டுமல்ல, தான் சொல்லிக்கொடுத்த பாடமும்தான் என்று அப்போதுதான் சாராளுக்கு விளங்கியது.

மூலையில் கிடந்த திரிகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செல்லியின் பானைக்குள் கையை விட்டாள். அந்தக் கை அங்கேயும் இருந்தது. இம்முறை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதோடு சேர்த்தே ஒரு பிடி அள்ளித் திரிகையில் போட்டாள்.

கோயில் மணி ஓய்ந்து பாட்டுச் சத்தம் கேட்டபோது களி வெந்திருந்தது. ஓர் உருண்டை பிடித்துக் குழந்தையின் கையில் வைத்தாள். ராஜாமணி அதை வாயில் வைக்காமல் அவளையே பார்த்தாள்.

"இது சாமிக்கு வெச்சதில்லைங்களா, பெரியம்மா?"

"ஆமா கண்ணு" என்றாள் சாராள். "சாப்புடு."